எந்தப் புற்றுநோய்?

“புத்துநோய்னு சொல்லிட்டாங்க டாக்டரம்மா.” இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிற எவரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் புற்றுநோய் என்பதுதான். பலருக்கு அந்தக் கேள்வியே விளங்குவதில்லை. வந்தது வந்துவிட்டது, இதில் எந்த என்று ஒன்று உண்டா என்பதுபோலப் பார்ப்பார்கள். என் தொழில் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுவதில்தான் போயிருக்கிறது.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். ஆஸ்பத்திரியில் பெத்தாலஜி டாக்டர் என்பார்கள். நாங்கள் நாடி பிடிப்பதில்லை, மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. அறுவை அரங்கிலிருந்தும் எண்டோஸ்கோபி அறையிலிருந்தும் வருகிற சதைத் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது இன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகே ஆபரேஷனா, கீமோவா, கரண்டு (கதிர்வீச்சு) வைப்பதா, ஒன்றுமே வேண்டாமா என்று முடிவாகும். தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் படித்து, அங்கேயே பல காலம் வேலை பார்த்து, பிறகு தனியார் ஆய்வகத்துக்கு வந்தவள் நான்.

பாட்டிலில் வரும் சதை

எங்கள் பக்கத்துச் சிறிய ஊர்களில் ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த சதையைப் பாட்டிலில் போட்டு, நோயாளியின் கணவர் கையிலோ அண்ணன் கையிலோ கொடுத்து, “லேப்ல குடுத்துட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவது வழக்கம். அவர்கள் அதைத் துணிப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். மூடியைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்க வேண்டும். கரிக்காவிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்து சதை கெடத் தொடங்கிவிடுகிறது. அதைத் தடுக்க வாயகன்ற பாட்டிலும், சதையைப் போலப் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலினும் போதும். இந்தச் சிறிய காரியம் நடக்காமல் போனதால் மறுபடி ஊசி குத்திக்கொள்ள நேர்ந்தவர்கள் உண்டு. ஒரு பெண்ணின் மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த துண்டு வெறும் சலைனில் மிதந்தபடி இரண்டாம் நாள் எங்களிடம் வந்து சேர்ந்தது. செல்களின் உருவம் கரைந்திருந்தது. புற்று என்று தெரிந்தது, எந்த வகை என்று சொல்ல வழியில்லை. அவர் மீண்டும் ஒருமுறை பயாப்ஸிக்குப் போய்ப் படுக்க வேண்டியதாயிற்று.

சதை நன்றாக ஊறி இறுகியபின் பலகையில் வைத்து அளந்து, நிறம், கடினம், ஓரம் எல்லாம் பார்த்து, தேவையான இடங்களில் சிறு துண்டுகளாக நறுக்குவோம். இதைக் கிராசிங் என்போம். கண்ணும் விரலும் பாதி உண்மையை இங்கேயே சொல்லிவிடும். கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டு கட்டியை வெட்டினால் வெள்ளையாக, சுருள் சுருளான நார்களோடு, வெட்டிய பரப்பு மேலே புடைத்து எழும். சுற்றிலும் ஒழுங்கான ஓரம் இருக்கும். மார்பகப் புற்றுக் கட்டியில் கத்தி வைத்தால் மணல் நறநறப்பதுபோலக் கையில் உணர முடியும். அதற்கு ஒழுங்கான ஓரம் இருக்காது. சுற்றியிருக்கும் கொழுப்புக்குள் வெள்ளைக் கோடுகளாக ஓடியிருக்கும்.

நறுக்கிய துண்டுகள் இரவு முழுவதும் ஆல்கஹாலிலும் சைலீனிலும் நீர் நீங்கி, உருகிய பாரஃபின் மெழுகில் ஊறும். காலையில் மெழுகுக் கட்டியாக, அதாவது பிளாக்காக, வெளியே வரும். அதை மைக்ரோடோமில் பூட்டி டெக்னீஷியன் சீவுவார். ஒரு சீவலின் கனம் 3 முதல் 5 மைக்ரான் வரை. ஒரு மில்லிமீட்டர் சதையில் இருநூற்றைம்பது சீவல்கள் எடுக்கலாம். சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடிச் சிலைடில் ஏந்துவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். எங்கள் டெக்னீஷியன் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏந்துவார். பிறகு ஹிமடாக்ஸிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்கள். செல்லின் கரு நீலமாகும், சுற்றியிருக்கும் பகுதி ரோஜா நிறமாகும். உலகத்தில் எங்கே புற்றுநோய் கண்டறியப்பட்டாலும் பெரும்பாலும் இந்த நீலத்திலும் ரோஜாவிலும்தான் அது முதலில் வெளிப்படுகிறது.

“ரிப்போர்ட்டுக்கு ஏன் இத்தனை நாள்?” என்று கோபப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சதையை ஊற வைக்கும் நேரத்தைக் குறைத்தால் உண்மையும் குறைந்துபோகும்.

வரப்புக்கு உள்ளே, வரப்புக்கு வெளியே

கட்டி என்றாலே புற்று இல்லை. முதுகில் மெதுவாக வளரும் கொழுப்புக் கட்டி லிபோமா. இருபது வயதுப் பெண்ணின் மார்பில் விரலுக்குப் பிடிபடாமல் நழுவி ஓடும் உருண்டை பெரும்பாலும் ஃபைப்ரோ அடினோமா. இவை வளரும், அழுத்தும், சில நேரம் வலிக்கும். ஆனால் தம் எல்லையைத் தாண்டாது, வேறு உறுப்புக்குப் பயணம் போகாது. ஜனங்கள் இதைச் சாதாக் கட்டி என்கிறார்கள்.

உடம்பின் தோலும் உள்தோலும் சுரப்பிகளும் ஒரு மெல்லிய அடிச்சவ்வின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சவ்வை வயலுக்குப் போட்ட வரப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் முறைகெட்டு வளர்ந்தாலும் வரப்புக்குள் நிற்கும்வரை அவற்றுக்கு ரத்தக் குழாய்க்கோ நிணநீர்க் குழாய்க்கோ வழி கிடையாது. அந்த நிலையில் எடுத்துவிட்டால் அநேகமாகக் கதை முடிந்தது. வரப்பை உடைத்துக்கொண்டு கீழே இறங்கிய செல்களைத்தான் புற்று என்று எழுதுகிறேன். சிலைடில் ஓர் ஓரத்தில் நான்கைந்து செல்கள் இறங்கியிருக்கின்றனவா இல்லையா என்று தீர்மானிக்க, பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்லி மறுநாள் வரை காத்திருப்போம்.

சாதாக் கட்டி என்றால் ஆபத்தே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்று இல்லை, ஆனாலும் மண்டையோட்டுக்குள் அது வளர இடம் ஏது? முகத்தில் வெயில் படும் இடத்தில் வரும் பேசல் செல் கார்சினோமா பெயரளவில் புற்று, வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம். ஆனால் கவனிக்காமல் விட்டால் மூக்கையும் இமையையும் அரித்துவிடும். ஆகவே நல்ல கட்டி, கெட்ட கட்டி என்று இரண்டாகப் பிரித்துவிட்டு உட்கார முடியாது. பெயரும் இடமும் சேர்ந்துதான் ஆபத்தைச் சொல்லும்.

கழுத்தில் ஒரு கட்டி

என் மேசைக்கு வருகிறவற்றில் எனக்கு மிகவும் பாடம் சொன்னது கழுத்து நெறிக்கட்டிதான். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நர்ஸிங் படிக்கும் ஒரு பெண்ணை அவள் அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் இரண்டு மூன்று கட்டிகள், மாலையில் காய்ச்சல், எடையும் குறைந்திருந்தது. ஊரில் யாரோ புற்று என்று சொல்லி, வீட்டில் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறார்கள். சிலைடில் நான் பார்த்தது கிரானுலோமா. நடுவில் செல்லுருவமே இல்லாமல் செத்துப்போன பகுதி, சுற்றிலும் நீண்ட செல்கள், இடையே பல கருக்கள் ஓரமாக வளைந்து நிற்கும் பெரிய செல்கள். சீல்-நீல்சன் சாயம் போட்டதும் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரிந்தன. காசநோய். ஆறு மாத மாத்திரை, அதுவும் அரசாங்கம் இலவசமாகத் தருவது. “புத்து இல்லையா தாயி?” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை ஐயா, ஆனால் மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது என்று அவர் மகளிடம் சொன்னேன்.

அதே இடத்தில், அதே அளவில், இன்னோர் இளைஞனுக்கு வந்த கட்டியில் இரட்டைக் கருவும் ஒவ்வொன்றிலும் பெரிய சிவந்த புள்ளியுமாக ஒரு செல் இருந்தது. ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல். ஆந்தைக் கண் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் விவரித்த நோய் அது. நிணநீர் மண்டலத்தின் புற்று, லிம்ஃபோமா. கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும், பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுகிறார்கள்.

மூன்றாமவர் ஓர் இளந்தாய். நெறிக்கட்டிக்குள் தைராய்டுச் செல்கள் இருந்தன, கரு நடுவே வெளிறி, ஓரம் மட்டும் தெரிவதுபோல. பாப்பிலரி கார்சினோமா. தைராய்டில் இருந்த கட்டி சிறியது, அது நெறிக்கட்டிக்கு முந்திக்கொண்டு போய்விட்டது. இந்த வகைக்கு அது வழக்கம். பரவிவிட்டது என்ற சொல்லைக் கேட்டு அந்தக் குடும்பம் இடிந்து உட்கார்ந்தது. ஆனால் இளவயதில் வரும் இந்தப் புற்று, கழுத்துக்குப் பரவியிருந்தாலும், ஆபரேஷனுக்கும் கதிரியக்க அயோடினுக்கும் நன்றாகக் கட்டுப்படுவது. இதில் பெரும்பாலோர் நீண்ட காலம் வாழ்கிறார்கள்.

நான்காவது, இடது காறை எலும்புக்கு மேலே வரும் கட்டி. வயிற்றுப் பகுதியிலிருந்து ஏறும் நிணநீர்ப் பெருங்குழாய் இடப்பக்கக் கழுத்தடியில்தான் ரத்தத்தில் கலக்கிறது. அதனால் இரைப்பைப் புற்று அங்கே எட்டிப் பார்க்கும். நோய் என்பது செல்லில் நடப்பது என்று 1858-இல் எழுதிய ருடால்ஃப் விர்கோவின் பெயரையே அந்த நெறிக்கட்டிக்கு வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டுவிட்டால் நோய் வயிற்றை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரே கழுத்து, ஒரே அளவுக் கட்டி. ஒருவருக்கு மாத்திரை, ஒருவருக்குக் கீமோ, ஒருவருக்கு ஆபரேஷன், ஒருவருக்கு வலியையும் வேதனையையும் குறைப்பதே முதல் வேலை. சதையைப் பார்க்காமல் இவற்றை யார் பிரித்துச் சொல்ல முடியும்?

எங்கே பிறந்ததோ அந்தக் குடும்பம்

புற்றுகளை அவை பிறந்த செல்லை வைத்துக் குடும்பம் பிரிக்கிறோம். தோல், உள்தோல், சுரப்பி ஆகியவற்றில் பிறப்பது கார்சினோமா. வாய், மார்பகம், நுரையீரல், குடல், கர்ப்பப்பை வாய் என்று பெரியவர்களுக்கு வருவதில் மிகப் பெரும்பகுதி இதுதான். எலும்பு, தசை, கொழுப்பு, நார் ஆகியவற்றில் பிறப்பது சார்கோமா. நெறிக்கட்டிகளில் லிம்ஃபோமா, எலும்பு மஜ்ஜையில் லுகீமியா.

குடும்பம் ஏன் முக்கியம்? மார்பகப் புற்று முதுகெலும்புக்குப் போனால் அது எலும்புப் புற்று ஆகிவிடாது. எலும்புக்குள் உட்கார்ந்திருந்தாலும் அது மார்பகச் செல்தான், மார்பகப் புற்றுக்கான மருந்துதான் அதற்கு வேலை செய்யும். உண்மையான எலும்புப் புற்று வேறு. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கால் பக்கத்தில் வரும் ஆஸ்டியோசார்கோமா அப்படிப்பட்டது. விளையாடும்போது அடிபட்டது என்று எண்ணெய்க் கட்டுப் போட்டு மாதங்களை விட்டுவிடுகிறார்கள். இரவிலும் விடாத வலி, நாளுக்கு நாள் கூடும் வீக்கம் என்றால் முதலில் ஓர் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

குழந்தைகளின் கட்டிகள் எங்களுக்கே சோதனை. நியூரோபிளாஸ்டோமா, யூவிங் சார்கோமா, ராப்டோமயோசார்கோமா, லிம்ஃபோமா எல்லாமே சிலைடில் சிறிய, உருண்டையான, நீலச் செல்களாகத் தெரியும். மருந்தோ ஒவ்வொன்றுக்கும் வேறு. இங்கே இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி கைகொடுக்கிறது. செல்லிலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பழுப்பு நிறத்தில் காட்டும் சோதனை அது. குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகீமியாவில், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிழைத்து வளர்கிறார்கள். ரத்தப் புற்று என்று கேட்டதுமே கையை விரித்துவிடும் பெற்றோரிடம் இதை நான் உரக்கச் சொல்வேன்.

பெயரைத் துல்லியமாகக் கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நாட்பட்ட மயலாய்டு லுகீமியாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்றைப் பார்த்தார்கள். 1973-இல் ஜேனட் ரௌலி, அது 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது என்று காட்டினார். அந்தக் கோளாறிலிருந்து பிறக்கும் புரதத்தை அடைக்கும் மாத்திரை இமாடினிப் 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை தர சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்ததும், உச்சநீதிமன்றம் 2013-இல் அதை உறுதி செய்ததும் நம் நோயாளிகளுக்குப் பெரிய காரியம். விலை குறைந்த மாத்திரையைத் தினமும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்வருகிறவர்களை நான் அறிவேன்.

ரிப்போர்ட்டின் சின்ன எழுத்துகள்

மார்பகப் புற்று என்றும் ஒரே நோய் இல்லை. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரிகள் ரிப்போர்ட்டில் இருக்கும். முதலிரண்டும் பாசிட்டிவ் என்றால் அந்தப் புற்று பெண் ஹார்மோனைத் தின்று வளர்வது, மாத்திரையால் பட்டினி போடலாம். ஹெர்-2 பாசிட்டிவ் என்பது ஒரு காலத்தில் கெட்ட செய்தி. 1998-இல் டிராஸ்டுசுமாப் ஊசி வந்தபின் அந்த நிலை மாறியது. மூன்றும் நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் கீமோவை நம்பிப் போக வேண்டிய வழி. சதை ஃபார்மலினில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருந்தால்தான் இந்த மூன்று வரிகளை நம்பலாம். சலைன் பாட்டிலைக் கண்டால் எனக்கு ஏன் பதறுகிறது என்று இப்போது விளங்கும்.

கிரேடு, ஸ்டேஜ் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அநேகம். செல் எவ்வளவு முரடு என்பது கிரேடு, அதை மைக்ரோஸ்கோப் சொல்லும். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். கட்டியின் அளவு, நெறிக்கட்டி, ஸ்கேன் எல்லாம் சேர்ந்து அதைச் சொல்லும். “கிரேடு மூணுன்னு போட்டிருக்கு, மூணாவது ஸ்டேஜாம்மா?” என்று கேட்டால், இல்லை, இரண்டும் வேறு வேறு கணக்கு என்று பொறுமையாகச் சொல்லிவிடுவேன்.

வருமுன் தெரிவது

எங்கள் ஊர்களில் வாய்ப் புற்றுச் சதை வராத வாரம் குறைவு. சிலைடில் கெரட்டின் முத்துகளோடு இருக்கும் ஸ்குவாமஸ் கார்சினோமா எனக்குப் பழகிய முகம். கன்னத்தில் புகையிலையை அடக்கும் அதே இடத்தில்தான் அது வருகிறது. வெறும் பாக்குகூடப் பாதுகாப்பில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. புற்றுக்கு முன்னால் வெள்ளைத் திட்டும், வாய் திறக்க முடியாத இறுக்கமும் வருவதுண்டு. அப்போதே வாயைக் காட்டினால் நான் எழுதும் பெயர் வேறாக இருக்கும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றில் இன்னும் நீண்ட அவகாசம் கிடைக்கிறது. ஹெச்.பி.வி. வைரஸ்தான் காரணம் என்று நிறுவிய ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸின் 16, 18 வகைகளே பத்தில் ஏழு பேருக்கு இந்தப் புற்றைக் கொடுக்கின்றன. தொற்றுக்கும் புற்றுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடுகின்றன. நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி வெண்மையாகிறதா என்று கண்ணால் பார்க்கும் சோதனையைச் செய்தார்கள். இந்தப் புற்றால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் லான்செட் இதழில் அந்த ஆய்வு வெளியானது. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, பயிற்சி பெற்ற நர்ஸுகள் போதுமாக இருந்தார்கள். தடுப்பூசியும் இப்போது இருக்கிறது. இவ்வளவு வழி தெரிந்திருந்தும் முற்றிய நிலைச் சதை என் மேசைக்கு வரும்போது மனம் பொறுப்பதில்லை.

கத்தி வைத்தால் பரவுமா?

இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய எதிரி ஒரு நம்பிக்கை. “ஊசி குத்துனா, கத்தி வச்சா பரவிடும்.” படித்தவர்களும் சொல்கிறார்கள். சதையெடுத்த பிறகு நோய் முற்றியவர்களைப் பார்த்து, சதையெடுத்ததால்தான் முற்றியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்களில் பலர் பயாப்ஸிக்கு வந்ததே தாமதமாகத்தான். ஊசித் தடத்தில் புற்றுச் செல் தங்குவது மிக அபூர்வம். விதைப்பை, ஈரல் போன்ற சில இடங்களில் அந்த அபூர்வத்தையும் கருதி, டாக்டர்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுப்பார்கள். சார்கோமா என்று சந்தேகம் வந்தால், பின்னால் ஆபரேஷன் செய்யும்போது ஊசித் தடத்தையும் சேர்த்து எடுக்கும்படி திட்டமிட்டுத்தான் குத்துவார்கள். இந்தப் பயத்தால் சதையே எடுக்காமல், பச்சிலை கட்டியும் எண்ணெய் தடவியும் ஆறு மாதத்தைத் தொலைப்பதால் போகும் உயிர்கள் அதிகம்.

உங்களிடம் கேட்டுக்கொள்ள எனக்குச் சில விஷயங்கள் உண்டு. உடம்பிலிருந்து எந்தக் கட்டியை எடுத்தாலும், சாதாக் கட்டி என்று டாக்டரே சொன்னாலும், பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாட்டிலில் ஃபார்மலின் இருக்கிறதா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டை லேமினேட் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, பிரதி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். இரண்டாம் கருத்து வேண்டுமென்றால் ஆய்வகத்தில் உங்கள் பிளாக்கையும் சிலைடையும் கேட்டு வாங்கி வேறு பெத்தாலஜி டாக்டரிடம் காட்டலாம். அது உங்கள் உரிமை, நாங்கள் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கடினமான சிலைடுகளை நாங்களே ஒருவருக்கொருவர் காட்டித்தான் முடிவெடுக்கிறோம்.

பெயர் தெரியும்வரை எந்தக் கட்டியையும் புற்று என்று நீங்களே முடிவு கட்டி நடுங்காதீர்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எந்தப் புற்று, எங்கே பிறந்தது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது, இதற்கென்று என்ன மருந்து இருக்கிறது என்ற நான்கையும் டாக்டரிடம் கேட்டுத் தெளிந்து, அந்த வாரமே சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள்.